மரியாதையாக வந்த போன்

கெடுபிடியிடம் ஒருவன் சிரித்துப் பேசினால் அவனுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மற்றபடி அந்தத் துணைமின்நிலையத்தில் அவளிடம் யாரும் சிரித்ததில்லை; அவளும் யாரிடமும் பல்லைக் காட்டியதில்லை. வயது ஐம்பத்துமூன்று. ஆபரேட்டராக இருபத்தாறு வருஷ சர்வீஸ். முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். கெடுபிடி என்று எவன் முதலில் பெயர் வைத்தானோ, மகராசன், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்.

அவள் வேலை அப்படி. கம்பியில் ஏறப் போகிறவன் முதலில் அவள் மேஜை முன்னால் வந்து நிற்க வேண்டும். அவள் அந்த லைனுக்குக் கரண்டை நிறுத்தி, சுவிட்ச் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்புப் பலகையை மாட்டி, ஒரு நம்பர் எழுதிக் கொடுப்பாள். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். வேலை முடிந்ததும் வாங்கினவனே நேரில் வந்து, ஏறினது எத்தனை பேர் இறங்கினது எத்தனை பேர் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கினவன் ஒருத்தன், கொடுக்கிறவன் வேறொருத்தன் என்று ஆனால் நடுவில் கம்பியில் இருக்கிறவன் கரிக்கட்டைதான். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியுமா? அவள் பார்க்கவில்லை. அதனால்தான் இத்தனை விரோதம்.

விரோதிகளில் முதல் ஆள் ஃபோர்மேன். அவன் வேறு யாரோ இல்லை, அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சியின் புருஷன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அடைமழைக்கு ஒதுங்கிக்கொண்டு, லைன் கிளியர் சீட்டை ஒரு டீக்கடைக்காரரிடம் கொடுத்தனுப்பினான். சொந்தக்காரிதானே, கண்டுக்க மாட்டாள் என்ற நினைப்பு. கெடுபிடி டீக்கடைக்காரரை உட்கார வைத்துவிட்டு மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதினாள். ஃபோர்மேனுக்கு மூன்று மாசம் சஸ்பென்ஷன், பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. "குடும்பத்துக் கோடரிக்காம்பு" என்று சொல்லிவிட்டுப் போன தங்கச்சி, அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. ஃபோர்மேன் மட்டும் பேசுவான், வேலை விஷயமாக. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வசவு கண்டிப்பாக இருக்கும். அவளும் கடன் வைக்க மாட்டாள். அத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை.

இந்த லட்சணத்தில் சண்டை வந்தது. பக்கத்து நாட்டுப் பட்டாளம் எல்லையைத் தாண்டி வந்து ஏழெட்டு ஊரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அந்த நாட்டுத் தலைவன் வாரத்துக்கு ஒருதரம் டிவியில் வருவான். அணுகுண்டு எங்கள் கையில் இருப்பதை மறந்துவிடாதீர்கள் என்பான். "வாராவாரம் சொல்லித் தொலைக்கிறியேடா, எங்கேருந்து மறக்கிறது" என்று கெடுபிடி டிவியை அணைப்பாள். குண்டு விழுந்தால் உடனே முழுங்கச் சொல்லி சுகாதார ஆபீஸில் வீட்டுக்கு ஓர் அட்டை மாத்திரை கொடுத்தார்கள். முன்ஜாக்கிரதை முத்தண்ணாக்கள் சிலர் விழுவதற்கு முன்னாலேயே முழுங்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார்கள்.

குண்டாவது விழுந்தால் தெரியும். அதைவிட மோசம் உள்ளுக்குள் அரித்தது. இன்றைக்கு ரயில் சிக்னல் ஒயர் அறுந்திருக்கும், நாளைக்குக் குடிதண்ணீர் மோட்டாருக்குள் மணல் கிடக்கும், மறுநாள் மின்கோபுரத்தின் காலில் போல்ட் இருக்காது. செய்கிறவன் கண்ணில் படவே இல்லை. படாததால் ஊரே ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டது. துணைமின்நிலைய வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாயை நிறுத்தினார்கள். இருபத்தாறு வருஷமாக உள்ளே போய் வருகிறவளிடம் அவன் தினமும் அடையாள அட்டை கேட்பான். தினமும் காட்டினாள். அது சட்டம் என்பதால் அவன் மேல் மட்டும் அவளுக்குக் கோபம் இல்லை.

அவள் கோபமெல்லாம் புது இன்ஜினியர் மேல். முப்பது வயசுப் பிள்ளை, படிப்பு உண்டு, பயம் அதைவிட அதிகம். ரோடு ஆபத்து, பெட்ரோல் இல்லை, அதனால் இனிமேல் லைன் கிளியரை போனிலேயே திருப்பிக் கொடுக்கலாம், நம்பரையும் பெயரையும் சொன்னால் போதும் என்று சுற்றறிக்கை விட்டான்.

"போன்ல யார் பேசறான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா கூட வேலை பார்க்கறவங்க குரல் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்தானே. சுற்றறிக்கையைப் படித்ததற்குக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது நாற்பத்தேழாம் நம்பர் கோபுரத்தின் இரண்டு காலை எவனோ கேஸ் வைத்து அறுத்திருந்தான். ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போகிற லைன் அது. ஃபோர்மேன் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ஏய் கெடுபிடி, சீக்கிரம் எழுதித் தொலை. ஊரே இருட்டுல கிடக்கு, நீ மையைத் தொட்டுத் தொட்டு கோலம் போட்டுக்கிட்டிருக்கே."

"கைய வேட்டியில துடைச்சிட்டு பேனாவைத் தொடு. ரெஜிஸ்டர் உங்கப்பன் வீட்டுது இல்ல."

எட்டுத் தலையை எண்ணினாள். சுவிட்சைப் பூட்டினாள், பலகையை மாட்டினாள். லைன் கிளியர் நம்பர் நூற்றுப்பதினாலு. வழக்கப்படி அந்த நம்பரையும் ஃபோர்மேன் பெயரையும் ஆள் கணக்கையும் தலைமை ஆபீஸுக்கு போனில் சொன்னாள். அவர்கள் லாரி கிளம்பிப் போனது. கோபுரம் பதினாறு கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பக்கத்து செல்போன் டவரையும் அன்று காலையில்தான் கொளுத்தியிருந்தார்கள், அதனால் லாரி கண்ணுக்கு மறைந்ததும் அவர்களோடு பேச்சுக்கு வழியில்லை.

பத்து மணிக்கு அந்தத் தலைவன் டிவியில் வந்தான். இந்தத் தடவை நேரம் குறித்திருந்தான். சாயங்காலத்துக்குள் பணியாவிட்டால் பெரிய குண்டுதான் என்றான். இன்ஜினியர் வெளிறிப் போய்க் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஜெனரேட்டர் நின்றுவிட்டது, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, பட்டாளத்திடம் ஜெனரேட்டர் கேட்டிருக்கிறோம், அது வர இரண்டு மணி ஆகுமாம், மூச்சு மெஷினில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரியின் அப்பா.

அடுத்த பத்து நிமிஷத்தில் மறுபடி போன் அடித்தது. இன்ஜினியர் ஸ்பீக்கரை அமுக்கினான்.

"வணக்கம் அக்கா. நான் ஃபோர்மேன் பேசறேன். ரயில்வே கேட்ல இருக்கற போன்லேர்ந்து பேசறேன். லைன் கிளியர் நம்பர் நூத்திப்பதினாலு. ஏறினது எட்டு பேர், எட்டு பேரும் பத்திரமா இறங்கியாச்சு. நீங்க லைனை சார்ஜ் பண்ணி கரண்ட் விட்டுக்கலாம்."

அவன் குரலேதான். அந்தக் கரகரப்பு, 'ற'வை அழுத்துகிற அழுத்தம், எல்லாம் அவன். இன்ஜினியர் "அப்பாடா" என்று எழுந்தே விட்டான். கெடுபிடி மட்டும் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அக்காவாம். நீங்களாம். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவன் இவளை அக்கா என்றதில்லையே.

"யாரு?" என்றாள்.

"நான்தான்கா, ஃபோர்மேன்."

"டீக்கடைக்காரன் கையில சீட்டைக் குடுத்துவிட்ட திருட்டு நாய்தானே?"

இன்ஜினியர் திடுக்கிட்டுப் போனான். இதே வார்த்தையைப் போன வருஷம் ஆபீஸ் வராந்தாவில் சொன்னதற்கு ஃபோர்மேன் நாற்காலியைத் தூக்கி அடித்திருக்கிறான். விலக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

"சரிங்க அக்கா. அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல லைனை சார்ஜ் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில கஷ்டப்படறாங்க."

கெடுபிடி போனை வைத்தாள். பூட்டுச் சாவியை மேஜையிலிருந்து எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"சார், ஜீப் டிரைவரை கோபுரத்துக்கு அனுப்புங்க. ஃபோர்மேன் நேர்ல வரணும்."

"என்னம்மா சொல்றீங்க? இப்பதானே பேசினாரு? எனக்கே தெரியுது அவர் குரல்னு."

"குரல் அவனுதுதான் சார். பேச்சு அவனுது இல்ல."

இன்ஜினியருக்குப் புரியவில்லை. புரிந்தபோது நம்பவில்லை. குரலை மெஷினில் போட்டு அச்சு அசலாகச் செய்கிறார்கள் என்று அவனும் பேப்பரில் படித்தவன்தான். ஆனால் மரியாதையாகப் பேசினான் என்பதற்காக ஒருத்தனைச் சந்தேகப்படுவதை அவன் எங்கேயும் படித்ததில்லை. "நீங்க ரெண்டு பேரும் கீரியும் பாம்பும்னு ஊருக்கே தெரியும். அந்தப் பகையை இன்னிக்குத்தான் தீர்த்துக்கணுமா? அங்கே ஒன்பது உசிரு போயிட்டிருக்கு. சாவியைக் கொடுங்க, இது ஆர்டர்."

"எழுத்துல கொடுங்க."

எழுதிக் கொடுத்தான், சீல் கூடக் குத்தினான். அவள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். மடித்து ரெஜிஸ்டருக்குள் வைத்தாள்.

"சாவி?"

"எழுத்துல கொடுத்தா படிக்கிறேன்னுதான் சார் அர்த்தம். டிரைவரை அனுப்புங்க."

டிரைவரை அனுப்பினான், பல்லைக் கடித்துக்கொண்டு. கூடவே சிப்பாயையும் உள்ளே கூப்பிட்டான். இந்த அம்மா கரண்டைத் தடுக்கிறாள், இவளும் அவர்கள் ஆள்தானோ என்னவோ என்றான். இருபத்தாறு வருஷம் அவள் கட்டிக் காத்ததற்கு அந்த விளக்கெண்ணெய் ஒரே வாக்கியத்தில் கூலி கொடுத்துவிட்டான். சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான். அவன் கண்ணிலும் பயம்தான் இருந்தது.

"சுடுப்பா," என்றாள். "சுட்டுட்டு சாவியை எடுத்துக்கோ. அப்புறம் எட்டு வீட்டுக்கும் நீயே போய் சொல்லு."

சிப்பாய் இன்ஜினியரைப் பார்த்தான். இன்ஜினியர் சுவரைப் பார்த்தான். துப்பாக்கி மெதுவாகக் கீழே இறங்கியது.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர உள்ளே அவளுக்கும் சந்தேகம்தான். உறுதியாகத் தெரியுமா என்றால் தெரியாது. சாயங்காலம் குண்டு விழப்போகிறது என்றால் பயத்தில் மனுஷன் திருந்திவிடுவதும் உண்டு. சாகப்போகிற நாளில் எதற்கு இன்னும் பகை, ஒரு தரம் அக்கா என்று கூப்பிட்டுவிடுவோம் என்று அந்த முரடனுக்கே தோன்றியிருந்தால்? அப்படி இருந்தால் ஒன்பது பேரையும் அவளேதான் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறாள். அவன் மேலும், தன் மேலும், அந்த டிவிக்காரன் மேலும் அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. இன்றைக்குப் பார்த்து நல்லவனாகிவிடாதேடா பாவி என்று வேண்டிக்கொண்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு இன்ஜினியர் ஒரு நம்பரைப் போட்டு, போனை அவளிடம் நீட்டினான். எதிர்ப்பக்கம் தங்கச்சி. பதினோரு வருஷத்துக்கப்புறம் முதல் பேச்சு.

"அவர் கீழ இறங்கிட்டாராம். நீதான் சாவியைத் தர மாட்டேங்கறியாம். உனக்கு இன்னும் வெறி அடங்கலையா? அன்னிக்கு அவர் சோத்துல மண்ணள்ளிப் போட்டே. இன்னிக்கு அவர் பேரைச் சொல்லி ஊரையே சாகடிக்கப் போறியா? நீ நல்லா இருப்பியா?"

"அவன் உனக்கு போன் பண்ணானா?"

"இல்ல. இன்ஜினியர்தான் சொன்னாரு."

"ரயில்வே கேட்ல போன் கிடைச்சா அவன் முதல்ல உனக்குப் பண்ணுவானா, எனக்குப் பண்ணுவானா?"

புருஷன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாதா?

"அவன் போன் பண்ணட்டும். அப்புறம் என்னைத் திட்டு," என்று கெடுபிடி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று தரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டிருக்கிறோம், ஆள் பற்றவில்லை என்றார்கள். அவள்தான் எடுத்தாள், மூன்று தரமும். "லைன்ல ஆள் இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது தரம் அந்தப் பக்கத்து நர்ஸ் கேட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஒன்றேகாலுக்கு ஜீப் வந்தது. ஃபோர்மேன் குதித்து இறங்கி வந்தான். உடம்பெல்லாம் கிரீஸ், கண் சிவந்திருந்தது.

"எந்த நாசமாப் போனவன்டி சொன்னான், நாங்க இறங்கிட்டோம்னு? டிரைவர் வந்து நிக்கறப்போ ஆறு பேர் மேல கம்பியைப் பிடிச்சிட்டிருக்கான். நானும் இன்னொருத்தனும் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு இரும்போட ஒட்டிக்கிட்டு நிக்கிறோம். நீ மட்டும் போட்டிருந்தே..."

முடிக்கவில்லை. முடிக்க வராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். இன்ஜினியர் எழுந்து வெளியே போனான். வராந்தாவில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

கெடுபிடி ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தாள். "ஏறினது எத்தனை?"

"எட்டு."

"இறங்கினது?"

"எட்டு. டிரைவர் ஆஸ்பத்திரி விஷயம் சொன்னதும், முட்டுக் கட்டி நிறுத்திட்டு எல்லாரையும் இறக்கிட்டேன். ரெண்டு நாள் தாங்கும்."

கையெழுத்துப் போட்டான். அவள் பலகையைக் கழற்றி, பூட்டைத் திறந்து, கைப்பிடியைத் திருப்பினாள். மீட்டர் முள் ஏறியது. ஆஸ்பத்திரியில் வெளிச்சம் வந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்சே?" என்று ஃபோர்மேன் கேட்டான்.

"மரியாதையாப் பேசிச்சு."

ஏதோ சொல்ல வந்தவன், "த்தூ" என்று வெளியே போய்விட்டான். இது ஒன்றும் உறவு கூடிவந்த கதை இல்லை. தங்கச்சியும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. உயிரோடு திரும்பி வந்த புருஷனுக்குச் சோறு போட்டிருப்பாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் பெரிய குண்டு விழவில்லை. அந்தத் தலைவன் கெடுவை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தான். போலீஸ்காரர்கள் வந்து போன் ஒயரை நோண்டினார்கள். காலையில் அவள் நம்பர் சொன்னதை எவனோ ஒட்டுக்கேட்டிருக்கிறான், ஃபோர்மேன் சங்கக் கூட்டங்களில் பேசின பேச்சிலிருந்து குரலை எடுத்திருக்கிறான் என்றார்கள். மேடையில் அவன் எல்லாருக்கும் வணக்கம் போட்டு மரியாதையாகத்தான் பேசுவான். இன்ஜினியர் சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினான். டிவியில் அவளை வீராங்கனை என்று ஒரு நாள் காட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் தையல்காரியின் அப்பா.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தையல்காரி வந்து கதவைத் தட்டினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்கா. போன் வந்தப்போ அது பொய்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

"தெரியாது," என்றாள் கெடுபிடி.

"எங்கப்பா அந்த ஒன்பது பேர்ல ஒருத்தர்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பூட்டைத் திறக்கல."

"திறக்கல. மறுபடி அப்படி வந்தாலும் திறக்க மாட்டேன். கோபுரத்தை அறுத்தானே, டீசல்ல தண்ணி ஊத்தினானே, அவன்தான்மா உங்கப்பாவைக் கொன்னது."

"இருக்கலாம்கா. அவனை நான் எங்கே போய்த் தேடுவேன்? எனக்குத் தெரிஞ்சது உங்க வீடுதான்."

எட்டு வீட்டில் அடுப்பு எரிகிறது என்று இவளிடம் சொல்ல முடியுமா? அவள் அப்பாவுக்கு அது என்ன கணக்கு? கதவை அகலத் திறந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உள்ள வா. நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் திட்டுவே? உட்கார்ந்து திட்டு."

தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். கெடுபிடி எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் அத்தனையும் கேட்டுக்கொண்டாள்.